மீன்கொத்தியைத் தவிர

அந்தச் சரக்கு நிறுவனத்தில் "கம்பி" என்று கூப்பிட்டால் ஒரே ஆள்தான் திரும்பிப் பார்ப்பான். கூரைக்கும் அதன் கீழே தொங்கும் அட்டைத் தளத்துக்கும் நடுவே நெட்வொர்க் கம்பி இழுக்கிற கூலி வேலைக்கு வந்தவன். இடுப்புவரை மேலே நுழைத்துக்கொண்டு கால் மட்டும் ஏணியில் நிற்கும். அவன் முகம் எப்படியிருக்கும் என்பதே பாதிப் பேருக்கு வெகுநாள் தெரியாது. "யாருப்பா அது மேல?" "கம்பி இழுக்க வந்தவரு." பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்தும் அவனை அனுப்பவில்லை. எந்தக் கம்பி எந்தச் சுவருக்குள் புகுந்து எங்கே தலைநீட்டுகிறது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனை அனுப்பிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவள் அவனுடைய அக்கா. பதிவுப் பிரிவில் அவள்தான் மூத்தவள். சரக்குச் சீட்டுகள் படமாகத் திரைக்கு வரும். அதைப் பார்த்து அனுப்புகிறவர், பெறுகிறவர், எடை, ஊர் என்று கணினியில் ஏற்ற வேண்டும். அக்காவின் விரல்கள் கீபோர்டில் இறங்கினால் பக்கத்து அறையிலிருந்து கேட்பார்கள்: "வெளிய மழையா, இல்ல அக்கா வந்துட்டாங்களா?"

கம்பி எந்த வகுப்பிலும் உட்கார்ந்து கணினி படித்தவன் இல்லை. பிழைச் செய்திகளைப் படித்துத்தான் கற்றுக்கொண்டான். திரை நடுவில் ஒரு பெட்டி குதித்து எதையோ சொன்னால், மற்றவர்கள் ஈ ஓட்டுவதுபோல 'சரி'யை அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கம்பி நாற்காலியை இழுத்துப்போட்டு ஒவ்வொரு சொல்லாகப் படிப்பான். புரியாத சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் அகராதியில் தேடுவான். "கம்பி, அது ஒண்ணும் காதல் கடிதம் இல்ல, அமுக்கிட்டு வா" என்று கேலி செய்வார்கள். அப்படிப் படித்தே சர்வர் அறையின் சாவி அவன் இடுப்புக்கு வந்தது.

சாவி வந்ததும் அவன் செய்த முதல் காரியம், அலுவலகத்துக் கணினிகளுக்கெல்லாம் பறவைப் பெயர் வைத்தது. எண் வைத்தால் எவனும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டான் என்பது அவன் கணக்கு. கிளி, காக்கை, கொக்கு, மைனா. தலைநரைத்த கணக்காளரின் மெஷினுக்கு ஆந்தை என்று வைத்ததில் அவர் கொஞ்ச காலம் முகம் கொடுத்தே பேசவில்லை. பிறகு ஊரே அவரை ஆந்தை என்று கூப்பிடத் தொடங்கியதும், வேறு வழியில்லாமல் அவரும் சிரித்துவிட்டார். அக்காவின் மெஷினுக்கு மீன்கொத்தி. சின்ன வயதில் தெருவே அவளிடம்தான் ஊசி கோக்க வரும். எத்தனை மங்கலான வெளிச்சத்திலும் ஒரே குத்தில் நூலை ஏற்றிவிடுவாள். அந்தக் கண்ணுக்காக வைத்த பெயர்.

அந்தக் கண்தான் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "தம்பி, உன் மூஞ்சியில நடுவுல புகை மாதிரி இருக்குடா. சுத்தி எல்லாம் நல்லாத் தெரியுது. மூக்கு, வாய் மட்டும் காணோம்" என்றாள்.

"அது ஒண்ணும் பெரிய நஷ்டம் இல்லக்கா" என்றான். இருவரும் சிரித்தார்கள். மறுநாள் கண் மருத்துவரிடம் போனார்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக அழியும், நிறுத்த மருந்து இல்லை என்று மருத்துவர் சொன்னார். வெளியே வந்து படியில் நின்றபோது அக்கா கேட்டது ஒன்றுதான்: "பாப்பா படிச்சு முடிக்கிற வரைக்கும் தாங்குமா?"

பாப்பா அவள் மகள். வெளியூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவர் இறந்த பிறகு மூன்று பேருக்கும் ஒரே வீடுதான், இரண்டு சம்பளம்தான். பாப்பாவின் படிப்பு அக்காவின் சம்பளத்தில் ஓடியது.

"ஆபீஸ்ல சொல்லிடலாம்க்கா. ஏதாவது வழி பண்ணுவாங்க."

"பண்ணுவாங்க. கிடங்குல கை நடுங்குதுன்னு ஒருத்தர் சொன்னாரே, அவருக்குப் பண்ணாங்களே, அந்த மாதிரி. கொஞ்ச நாள் ஓய்வெடுங்கன்னு அனுப்புனாங்க. மனுசன் இன்னும் ஓய்வெடுத்துக்கிட்டே இருக்காரு. வாயத் தொறந்தே, உன்ன உயிரோட விடமாட்டேன்."

அவன் வாய் திறக்கவில்லை. தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான்.

கணினிக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஓர் இடம் இருக்கிறது. எழுத்து எத்தனை பெரிது, மவுஸின் அம்பு எத்தனை தடிமன், பின்னணி கறுப்பா வெள்ளையா என்பதெல்லாம் அங்கே எண்களாகக் கிடக்கும். அதில் ஒரு கிளை மெஷினுக்குச் சொந்தம். இன்னொரு கிளை அதன் முன்னால் உட்காரும் ஆளுக்குச் சொந்தம். ஆளுடைய கிளை ஆளோடு போகும். அப்படிப் போகும்படி சர்வரில் ஏற்பாடு செய்தவனே கம்பிதான். எந்த நாற்காலியில் உட்கார்ந்து பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாலும் அவரவர் திரை அவரவருக்கு வந்துவிடும். அதில் அவனுக்கு உள்ளூரக் கர்வம் உண்டு.

அக்காவின் கிளைக்குள் போய் எழுத்தைப் பெரிதாக்கினான். அம்பைக் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்தான். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. சில மாதம் கழித்து அக்கா, "கொஞ்சம் கூட்டுடா" என்பாள். கூட்டுவான். ஜன்னலோரம், யாரும் முதுகுப்பக்கம் நடக்காத மூலையில் அவள் இடம். யாராவது எட்டிப் பார்த்தால், "கம்பி அவன் அக்காவுக்கு மட்டும் சினிமா தியேட்டர் கட்டிக் குடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வயசானவர்களுக்கு எழுத்து பெரிதாகத்தானே வேண்டும் என்று அதோடு விட்டுவிடுவார்கள்.

அலுவலகத்தில் அவளும் அவனைக் கம்பி என்றுதான் கூப்பிடுவாள். டா போடுவதெல்லாம் வீட்டில்.

பிறகு புதிய பதிவு மென்பொருள் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கியிருந்த மெஷின்களில் அதன் 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. ஆட்கள் பொத்தானைக் காணாமல் பெட்டியை மூடினார்கள். ஏற்றியதெல்லாம் காற்றோடு போனது. சரக்குகள் ஊர் தெரியாமல் கிடங்கில் கிடந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: எல்லா மெஷின்களிலும் எல்லாருக்கும் எழுத்து ஒரே அளவு, அம்பு ஒரே அளவு, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டு. ஓர் அதிகாரி அம்மா நேரில் வந்து பார்ப்பார்.

அக்காவுக்குப் பொத்தான் தேவையே இல்லை. கீபோர்டிலேயே சேமிக்கும் வித்தையைக் கம்பி முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தான். அவளால் ஒரு சீட்டும் தொலையவில்லை. ஆனால் உத்தரவில் 'எல்லாருக்கும்' என்று இருந்தது.

"என்னடா பண்ணப்போற?" வீட்டில் அக்கா கேட்டாள்.

"ஸ்கிரிப்ட் எழுதணும். நான் ஒரு இடத்துல உக்காந்துக்கிட்டு ஓடவிட்டா, அது மெஷின் மெஷினா போய் மாத்திட்டு வந்துடும்."

"எங்கிட்டயும் வருமா?"

"உன் மெஷின விட்டுட்டுப் போகச் சொல்லிடுறேன். ரிப்பேர்னு சொல்லிக்கலாம்."

"பொய் சொல்லி மாட்டிக்காதடா."

"ஸ்கிரிப்ட் பொய் சொல்லாதுக்கா. நான்தான் சொல்லணும்."

அவன் அவசரக்காரன் இல்லை. ஸ்கிரிப்டை எழுதி, முதலில் தன் மெஷினில் ஓட்டினான். பிறகு யாரும் உட்காராத ஒரு பழைய மெஷினில். பிறகு, எதையும் மாற்றாமல், எதை மாற்றுவேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும்படி அலுவலகம் முழுக்க வெறுமனே நடக்கவிட்டான். காக்கை, மைனா, கிளி என்று ஒவ்வொன்றின் பெயரும், அப்போது அதில் வேலை செய்கிறவர் எத்தனை பேர் என்பதும் திரையில் வந்தன. மீன்கொத்தி வரவில்லை. நடுவில் அவன் எழுதிய ஒரு வரி அதைக் காத்தது: மீன்கொத்தியைத் தவிர. மறுநாளும் அப்படியே நடக்கவிட்டான். மறுபடியும் மீன்கொத்தி வரவில்லை. அந்த வரியை அவன் எத்தனை தடவை படித்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

மெஷினின் கிளை வேறு, ஆளின் கிளை வேறு என்பதை அந்தக் கட்டடத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. இருந்தும் அவன் காவல் வைத்தது மெஷினுக்கு. அக்கா என்றால் அந்த ஜன்னலோர நாற்காலி என்றே அவன் மனதில் பதிந்திருந்தது. அந்த நாற்காலியைவிட்டு அவள் எழுந்து அவன் பார்த்ததே இல்லை.

அதிகாரி அம்மா வந்த அன்று காலையில் ஜன்னலோர ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அக்காவின் மேசை நனைந்தது. ஆந்தைதான் ஓடிவந்து மீன்கொத்தியை அணைத்து, அக்காவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டார்.

"நீங்க கொக்குல போய் உக்காருங்கம்மா. கொக்கு இன்னிக்கு லீவு போட்டுப் பறந்துபோச்சு. வாங்க, நான் நாற்காலியத் தொடச்சுத் தரேன்."

நல்ல மனுஷர். நாற்காலியைத் துடைத்தும் கொடுத்தார். அக்கா கொக்கில் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாள். கம்பி செய்த ஏற்பாடு பிசகாமல் வேலை செய்தது. மஞ்சள் எழுத்து, பெரிய அம்பு, எல்லாம் அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தன. நிம்மதியாக வேலையைத் தொடங்கினாள்.

சர்வர் அறை இரண்டு மாடி மேலே. அங்கே கம்பியின் முதுகுக்குப் பின்னால் அதிகாரி அம்மா நின்றிருந்தார். "ஆரம்பிக்கலாமா?" என்றார். அவன் ஸ்கிரிப்டை ஓடவிட்டான். வரிவரியாகத் திரையில் ஏறியது. காக்கை, ஒருவர், முடிந்தது. மைனா, ஒருவர், முடிந்தது. கொக்கு, ஒருவர், முடிந்தது.

கொக்கில் உட்காருகிறவர் விடுப்பில் இருக்கிறார் என்று கம்பிக்குத் தெரியும். அந்த வரி மேலே நகர்ந்து போவதைப் பார்த்தான். லீவை ரத்து பண்ணிட்டு வந்துட்டார்போல என்று நினைத்துக்கொண்டான். ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறவன், அந்த ஒரு வரியைப் படித்தும் படிக்காமல் விட்டான்.

"ஒரே ஒரு மெஷின் மட்டும் இல்லையே?" என்றார் அதிகாரி.

"ரிப்பேரு மேடம்."

"பரவாயில்ல. இவ்வளவு சுத்தமா வேற எந்த ஊர் ஆபீஸ்லயும் நடக்கல. நல்லாப் பண்ணியிருக்கீங்க. கீழ போய் ஒரு பதிவு எப்படி நடக்குதுன்னு பாத்துட்டு வந்துடுறேன்." தோளில் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கியிருப்பார், மேசைத் தொலைபேசி அடித்தது.

"டேய்." அக்காவின் குரல். அலுவலகத்தில் அவள் அவனை டா போட்டது அதுதான் முதல் தடவை. "திரை தானா மூடிடுச்சு, பேரு குடுத்து உள்ள வந்தா எல்லாம் சின்னதாயிடுச்சுடா. ஒண்ணுமே தெரியல."

"உன் மெஷினத்தான் அது தொடவே இல்லையே?"

"தண்ணி சொட்டுச்சுன்னு கொக்குல உக்காந்திருக்கேன்."

கம்பி திரையை நிமிர்ந்து பார்த்தான். அந்த வரி இன்னும் திரையின் மேல் ஓரத்தில் இருந்தது. கொக்கு, ஒருவர், முடிந்தது.

"சரி, பதறாத. திருப்பி வெச்சிடுறேன். எதையும் தொடாத."

"சீக்கிரம்டா."

பழைய எண்களெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒரே வரியில் அடித்தான்: அக்காவின் கிளையில் எழுத்தைப் பழையபடி வை, அம்பைப் பழையபடி வை, பூட்டை எடு, அவளை வெளியே அனுப்பி, திரும்ப உள்ளே வரச் சொல். வெளியே போய் உள்ளே வந்தால்தான் மாற்றம் எடுபடும். அடித்துவிட்டு, அமுக்கும் முன், கடவுச்சொல் கொடுக்கத் தயாராக இரு என்று சொல்ல அக்காவின் மேசைக்குத் தொலைபேசியில் அழைத்தான். மறுமுனையில் ஆந்தை.

"கம்பி, இப்ப உங்க அக்காகிட்ட பேச முடியாது. தலைமை ஆபீஸ் அம்மா அவங்க பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. இங்க யார் ரொம்ப வேகமா ஏத்துவாங்கன்னு கேட்டாங்க, நான்தான் காட்டினேன். உங்க அக்காவுக்கு இன்னிக்கு யோகம்."

கம்பியின் விரல் எண்டர் விசையின்மேல் இருந்தது. அமுக்கினால், அக்கா வெளியே போய் உள்ளே வந்ததும் எழுத்தெல்லாம் கையகலத்துக்கு எழுந்து அதிகாரியின் கண்முன்னே நிற்கும். அமுக்காவிட்டால், அக்கா இருட்டில் உட்கார்ந்திருப்பாள். விரலை எடுத்தான். படி இறங்கிக் கீழே போனான்.

கூடத்தில் அக்காவின் விரல் மழை பெய்துகொண்டிருந்தது. அதிகாரி ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க, அக்கா ஏற்றிக்கொண்டிருந்தாள். அது அவளாகவே கேட்டு வாங்கிய ஏற்பாடு. "நீங்க சொல்லுங்கம்மா, நான் அடிக்கிறேன், எவ்வளவு வேகம்னு உங்களுக்கே தெரியும்" என்றிருக்கிறாள். அனுப்புகிறவர், பெறுகிறவர், எடை, ஊர். ஒரு எழுத்து தவறவில்லை. எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்று விரலுக்குத் தெரியும். சுற்றிலும் ஆட்கள் கூடி நின்றார்கள். கம்பி ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றான். தப்பித்துவிடுவாள்போல இருந்தது.

கீபோர்டிலேயே சேமித்தாள். திரை நடுவில் ஒரு பெட்டி குதித்தது. அவள் எண்டர் தட்டினாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரி. "என்னமோ கேட்டுச்சே, படிக்காமலே தட்டிட்டீங்களே?"

"பழக்கம்மா. தினமும் வர்றதுதான்."

"இல்லம்மா, இது தினமும் வராது. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க, எவருக்கு அனுப்பணும்னு கேட்டுச்சு. தப்பானவருக்குப் போயிடுச்சு. பரவாயில்ல, திரும்ப வருது பாருங்க. எந்த ஊர்க்காரர்னு ரெண்டு பேரையும் படிங்க."

அக்கா திரையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். இன்னொரு பக்கம் சாய்த்தாள். முன்னால் குனிந்தாள், மூக்கு திரையில் படும் அளவுக்குப் போய், தான் என்ன செய்கிறோம் என்று உறைத்ததும் சட்டென்று நிமிர்ந்தாள். கூடத்தில் எல்லாக் கீபோர்டுகளும் நின்றுபோயிருந்தன.

"படிங்கம்மா" என்றார் அதிகாரி, மெதுவாக. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அக்கா நாற்காலியைத் திருப்பினாள். கம்பி நின்ற பக்கம் திரும்பினாள். ஆனால் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு ஒரு முழம் தள்ளி, தூணைப் பார்த்தாள்.

"டேய் தம்பி, நீ அங்கதான நிக்கிற?"

"இங்கதான்க்கா இருக்கேன்" என்றான்.

ஆந்தை தலையைக் குனிந்து, தான் துடைத்துக் கொடுத்த நாற்காலியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் அவளைத் திட்டவில்லை. பொய் சொன்னதற்காகக் கம்பியையும் யாரும் கேட்கவில்லை. அதிகாரி அம்மா அவர்கள் இருவரையும் தனியாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களுக்கு மட்டும் விலக்கு வாங்கிக் குடுத்திருப்பேனே. அதுக்கு வழி இருக்கே. இப்ப இத்தன பேர் முன்னாடி நடந்துபோச்சு, என்னால மறைக்க முடியாது" என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று கம்பிக்கு இன்றுவரை தெரியாது. உண்மையாக இருக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறான்.

சர்வர் அறைக்குத் திரும்பியபோது அவன் அடித்து வைத்த வரி அமுக்கப்படாமல் அப்படியே இருந்தது. கடைசியில் கோடு ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

அக்காவை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். வேலையைவிட்டுப் போகிறவர்களின் கணக்கை சர்வரிலிருந்து நீக்குவது கம்பியின் வேலை. வேறு யாரையாவது செய்யச் சொல்லலாம் என்றால் வேறு யாரும் இல்லை. நீக்கும் முன்பு, 'நிச்சயமாகவா? திரும்பப் பெற முடியாது' என்று ஒரு பெட்டி கேட்கும். யாரோ அவசரத்தில் தவறி அமுக்கிவிடக்கூடாது என்று அந்தக் கேள்வியைச் சேர்த்தவனும் அவனே. ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். பிறகு அமுக்கினான். மஞ்சள் எழுத்து, கட்டைவிரல் அம்பு, கூட்டிக் கூட்டி வைத்த எண்கள் எல்லாம் போயின.

வீட்டுக்குப் போனபோது அக்கா விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் சுவிட்சைப் போட்டான்.

"வந்துட்டியா? என் பேர எடுத்துட்டியாடா?"

"எடுத்துட்டேன்க்கா."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"உடனே போயிடுச்சு."

"அவ்வளவுதானா!" என்றாள். பிறகு, "பாப்பா போன் பண்ணா. படிப்ப நிறுத்திட்டு வேலைக்குப் போறேங்கிறா. நீ பேசு. நான் சொன்னா கேக்கமாட்டேங்கிறா."

"நான் குடுக்குறேன்னு சொன்னேனே அவகிட்ட."

"உன் ஒரு சம்பளத்துல மூணு பேரு எப்படிடா? அவளுக்குக் கணக்குத் தெரியாதா?"

அவன் பேசிப் பார்த்தான். "மாமா, நீங்க அம்மாவப் பாத்துக்கங்க, நான் என்னையப் பாத்துக்கிறேன்" என்றாள் பாப்பா. அழவில்லை, அந்தப் பிடிவாதம் அக்காவிடமிருந்து வந்தது. அடுத்த மாதம் அவள் கல்லூரிக்குப் போகவில்லை.

மீன்கொத்தி இருந்த மேசை காய்ந்துவிட்டது. ஏசியையும் சரிசெய்தார்கள். அங்கே யாரும் உட்காரவில்லை. ஆந்தை மட்டும் அவ்வப்போது அந்தப் பக்கம் போய், நாற்காலியை மேசையோடு சேர்த்துத் தள்ளிவிட்டு வருவார். உத்தரவு சரியாக நிற்கிறதா என்று கம்பியின் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு காலையும் தானாகச் சுற்றிவரும். காக்கை, மைனா, கிளி. ஒவ்வொரு காலையும் அது ஜன்னலோர மெஷினை மட்டும் மரியாதையாகத் தாண்டிப் போகும். காவல் காக்க அங்கே ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரியாது. கம்பிக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரியை அழிக்கக் கை வரவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்: ஒரு மெஷின் இன்னும் பாக்கி இருக்கிறதே, ரிப்பேர் முடிந்துவிட்டதா?

முடிந்துவிட்டது என்று பதில் சொன்னான். ஸ்கிரிப்டைத் திறந்து, மீன்கொத்தியைத் தவிர என்ற வரியை அழித்தான். கீழே போய், நாற்காலியை நகர்த்தி, மெஷினைப் போட்டுவிட்டு வந்தான். வழக்கம்போல முதலில் எதையும் மாற்றாமல் வெறுமனே நடக்கவிட்டான். பெயர்கள் ஏறின. முதல்முறையாக அந்தப் பெயரும் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஸ்கிரிப்ட் சொன்னது:

மீன்கொத்தி, ஒருவரும் இல்லை, மாற்ற ஒன்றும் இல்லை.